ஒரு விரலுக்கு ஒரு படகு

அன்செல்மோவுக்குத் தன் சர்க்கரை வியாதி மேல் ஒரு குறையும் கிடையாது. ஊரில் மற்றவர்களுக்கு வியாதி வந்தால் வாயைக் கட்டுவார்கள். இவருக்கு வியாதி வந்த பிறகுதான் வாய்க்கு விடுதலை கிடைத்தது.

கமிங்காவ் தீவில் பெரிய டாக்டர் இல்லை. ஆகவே மாதாமாதம் முதல் புதன்கிழமை விடிந்ததும் அன்செல்மோ தன் விசைப்படகைக் கிளப்புவார். கடலைத் தாண்டிச் செபு நகரில் கரையேறி, ஜீப்னி வண்டி பிடித்து, ஆஸ்பத்திரி வரிசையில் உட்காருவார். அங்கே டாக்டர் சல்வா என்கிற கண்டிப்பான பெண்மணி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்குவார்.

"மாத்திரை தவறாம சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன் டாக்டர்."

"சோறு குறைச்சீங்களா?"

"தட்டையே சின்னதா மாத்திட்டேன் டாக்டர்."

"அப்புறம் ஏன் சர்க்கரை இறங்க மாட்டேங்குது?"

"வயசாகுது இல்லையா" என்று அன்செல்மோ கூரையைப் பார்ப்பார். அவ்வளவுதான் வைத்தியம். ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

அதற்கப்புறம் ஆரம்பிக்கும் உண்மையான புதன்கிழமை. படகுத்துறைக்குப் பின்னால் சதுர்னினோவின் லெச்சோன் கடை. முழுப் பன்றியை மூங்கிலில் கோத்து, கரி நெருப்பின் மேல் சுற்றிச் சுற்றிச் சுடுகிற கடை. சதுர்னினோவின் மூத்த மகனுக்கு அன்செல்மோதான் ஞானத்தந்தை. அந்த உறவில் இரண்டு குடும்பமும் ஆண்களை 'பாரே' என்றும், அவர்கள் மனைவிகளை 'மாரே' என்றும் கூப்பிடும். செபு வரைக்கும் வந்துவிட்டு ஞானமகனை நலம் விசாரிக்காமல் போவது பாவம் இல்லையா? விசாரிப்பார். தென்னோலைக் கூட்டில் வெந்த சோறு, மொறுமொறுவென்று சிவந்த தோல், கொழுப்பு சொட்டும் விலாக்கறி, ஜில்லென்று ஒரு கோலா. ஞானமகன் நலமாக இருக்கிறான் என்று தெரிவதற்குள் தட்டு மூன்று தடவை நிரம்பிவிடும்.

இது ஒரு நாள் கூத்து என்றால் டாக்டர் சல்வாவின் நெற்றி அவ்வளவு சுருங்கியிருக்காது. கிளம்பும்போது பாகில் ஊறிய மாம்பழ வற்றல் ஒரு மூட்டை, பொரித்த பன்றித்தோல் ஒரு மூட்டை வாங்கிப் படகின் இன்ஜின் பெட்டிக்குள் ஒளித்துவைப்பார். அடுத்த மாதத்துப் புதன் வரைக்கும் அதுதான் அவருக்கு மாத்திரை. வலை பார்க்கப் போகிறேன் என்று போய் ஒன்று, இன்ஜின் துடைக்கப் போகிறேன் என்று போய் ஒன்று. காலி உறைகள் கடலுக்குப் போகும்.

வீட்டில் மனைவி லியோனிலா காத்திருப்பாள். பிள்ளைகள் வளர்ந்து மணிலாவுக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் பிள்ளைகள் முன்னால் கூப்பிட்டுப் பழகிய 'பா', 'மா' இருவர் வாயிலும் தங்கிவிட்டது.

"டாக்டர் என்ன சொன்னாங்க பா?"

"ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாங்க மா." அதைச் சொல்வதற்கு வேண்டிய சோர்வான முகத்தை அவர் படகிலேயே பழகிவைத்திருப்பார்.

"சூப் குடிக்கிறீங்களா? முருங்கைக்கீரை போட்டு வச்சிருக்கேன்."

"பசியே இல்ல மா. ஆஸ்பத்திரி வாசனைக்கே வயிறு மூடிக்கிச்சு."

லியோனிலா ஒன்றும் சொல்லமாட்டாள். பாத்திரத்தை மூடிவைப்பாள். அவள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அன்செல்மோவின் வழக்கம். முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் அந்த ஒரு பாடம் அவருக்கு ஏறவில்லை.

லியோனிலா சாதாரணப் பெண் இல்லை. தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் மீன் குஞ்சு பொரிக்கும் இடத்தைக் காவல் காக்கும் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. வெடி போட்டு மீன் பிடிக்க வந்தவர்களைத் துடுப்பால் அடித்து விரட்டிய குழு அது. காரணமில்லாமல் எந்தப் படகும் அந்தப் பக்கம் இன்ஜின் ஓட்டக் கூடாது என்பது அவர்கள் சட்டம். கட்டிய புருஷனுக்கும் அதே சட்டம்தான். ஆஸ்பத்திரி என்ற ஒரே காரணத்துக்குத்தான் அன்செல்மோவின் படகுக்கு அனுமதி.

"அலையாத்தி வேர்ல எல்லாம் மாம்பழ வற்றல் கவரா மாட்டிக்கிட்டு இருக்கு பா" என்று ஒரு நாள் குப்பை பொறுக்கிவிட்டு வந்து சொன்னாள். "எவனோ செபுக்காரன் கடல்ல போடறான். கையில மாட்டட்டும், அந்தக் கவரை அவன் வாயிலயே திணிக்கிறேன்."

"திணிக்கணும் மா, கண்டிப்பா திணிக்கணும்" என்றார் அன்செல்மோ. தொண்டையில் ஒரு வற்றல் பாதி வழியில் நின்றது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வியாதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபத்து வந்தது. பூசை முடிந்து ஊர்க்கூட்டம். தீவின் சுகாதார நிலையத்து நர்ஸ் ஜோனலின் எழுந்து, கையிலிருந்த தட்டைக் கணினியை உயர்த்திக் காட்டினாள்.

"இனிமே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமாக்காரங்க மாசாமாசம் செபுவுக்கு ஓட வேண்டாம். ரத்தம் இங்கயே எடுத்துடுவேன். காய்கறிப் படகுல அது மட்டும் போகும். டாக்டர் இதுக்குள்ள வந்து பேசுவாங்க. மாத்திரையும் அதே படகுல வந்துரும்."

பெண்கள் கை தட்டினார்கள். லியோனிலா எழுந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். நம்ம தீவுல நோயாளி இருக்கற வீட்டுக்கெல்லாம் மாசம் ஒரு படகு கிளம்புது. அத்தனை படகும் மீன் காப்பிடத்து மேலதான் போகுது. டீசல், புகை, தண்ணி மேல எண்ணெய். கரையேறினா ஜீப்னி, அது ஒரு புகை. எதுக்கு? ஒரு விரலைக் குத்திப் பார்க்க. ஒரு விரலுக்கு ஒரு படகா? கடல் என்ன பாவம் பண்ணிச்சு?"

கைதட்டல் ஓய்வதற்குள் அன்செல்மோ எழுந்துவிட்டார். பொதுவாகக் கூட்டத்தில் பெண்டாட்டி பேசினால் அவர் உட்கார்ந்தே இருப்பார். இன்று உயிர்ப் பிரச்சினை.

"தொட்டுப் பார்க்காத வைத்தியம் ஒரு வைத்தியமா? கண்ணாடிக்குள்ள இருக்கற டாக்டர் என் நாடியை எப்படிப் பிடிப்பாங்க?"

"இப்ப செபுவுல பிடிக்கறாங்களா, நோங் அன்செல்மோ?" என்று பெரியவர்களைக் கூப்பிடும் முறையில் மரியாதையாகத்தான் கேட்டாள் ஜோனலின்.

"பிடிக்கல. ஆனா பிடிக்கற தூரத்துல இருக்காங்க."

கூட்டம் சிரித்தது. லியோனிலா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகக் கேட்டாள்.

"செபு போறது உங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கா பா?"

"பிடிக்கறதா? வெயில்ல காஞ்சு, அலையில நனைஞ்சு... உனக்காக, பிள்ளைங்களுக்காக இந்த உடம்பைக் காப்பாத்தணுமேன்னு போறேன்."

"அந்தக் கஷ்டம் இனிமே உங்களுக்கு வேண்டாம் பா" என்றாள் லியோனிலா. அவள் குரலில் இருந்த பாசத்தைக் கேட்டு அன்செல்மோவுக்கு அழுகையே வந்துவிட்டது. எதற்கான அழுகை என்பதுதான் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

இன்ஜின் பெட்டியில் இருந்த சரக்கு வேகமாகத் தீர்ந்தது. கவலையில் அவர் இரண்டு மடங்கு சாப்பிட்டார். கடைசி வற்றலைப் பாதி பாதியாகக் கடித்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். தொட்டுப் பார்த்தே ஆக வேண்டிய ஒரு வியாதி வர வேண்டும். கண்ணாடி வழியாகக் கண்டுபிடிக்க முடியாத வியாதி. வலி என்றால் மாத்திரை எழுதிவிடுவார்கள். வலியே இல்லை என்று சொன்னால்?

முதல் புதன்கிழமை சுகாதார நிலையத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் லியோனிலா. திரையில் டாக்டர் சல்வா, அதே நெற்றிச் சுருக்கத்துடன்.

"டாக்டர், இடது கால் மரத்துப் போச்சு. கிள்ளினா தெரியல. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியல."

டாக்டர் முன்னால் நகர்ந்தார். "எத்தனை நாளா?"

"நாளா? மாசமா இருக்கும்." அன்செல்மோ முகத்தைத் தொங்கப்போட்டார். படகில் பழகிய முகம் கைகொடுத்தது.

"இது சாதாரணம் இல்ல. சர்க்கரைக்காரங்களுக்குக் கால்ல உணர்ச்சி போறது பெரிய விஷயம். இதைத் தொட்டுத்தான் பார்க்கணும்."

அன்செல்மோவின் காதில் கரி நெருப்பு சடசடவென்று பொரிந்தது. "அப்ப நான் செபுவுக்கு..."

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்று லியோனிலா குனிந்து திரைக்குள் முகத்தைக் காட்டினாள். "இந்தத் தீவுல சர்க்கரைக்காரங்க நிறைய பேர் இருக்காங்க. எல்லாருக்கும் கால் பார்க்க வேண்டியதுதானே? இத்தனை பேரும் இத்தனை படகுல அங்க வர்றதுக்குப் பதிலா, நீங்க ஒருத்தர் இங்க வந்தா? காய்கறிப் படகு எப்படியும் வருது. உங்களுக்காக ஒரு சொட்டு டீசல் கூட எரிய வேண்டாம்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முதல்முறையாக அவர் நெற்றி விரிந்தது. "நல்ல யோசனை. வர்ற சனிக்கிழமை வர்றேன். கால் எல்லாம் ஒரே நாள்ல முடிச்சிடலாம். மத்ததெல்லாம் இந்தத் திரையிலயே."

திரை அணைந்தது. அன்செல்மோவும் அணைந்தார்.

ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கு இன்னொரு நினைப்பு வந்தது. செபுவிலிருந்து ஒரு பெரிய டாக்டர் தீவில் கால் வைக்கப் போகிறார். அப்படி ஒரு விருந்தாளி வந்தால் இந்தப் பக்கத்தில் என்ன செய்வார்கள்? முழுப் பன்றி சுடுவார்கள். மீனும் சோறும் போட்டு அனுப்பினால் ஏழு ஊர் சிரிக்கும். ஊரில் கொழுத்த பன்றி யாரிடம் இருக்கிறது? அன்செல்மோவின் கொல்லையில்.

"மா! நம்ம பன்றியைத் தர்றேன். விருந்து நம்ம வீட்டுல. ஊர் மானம் முக்கியம்."

"உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு பா!" என்றாள் லியோனிலா. "சுடறதுக்கு ஆள் நான் பார்த்துக்கறேன்."

என் பன்றி, என் வீடு, என் வாய் என்று அன்செல்மோ மூன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை காய்கறிப் படகு வந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து டாக்டர் சல்வா இறங்கினார். அவருக்குப் பின்னால் தோளில் நீளமான மூங்கிலோடு இறங்கிய ஆளைப் பார்த்ததும் அன்செல்மோவின் கால் நிஜமாகவே மரத்துப்போனது. சதுர்னினோ!

"பாரே!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தான் சதுர்னினோ.

அன்செல்மோ அவனைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் வாழைமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "நீ எதுக்குடா வந்தே?"

"மாரே லியோனிலா கூப்பிட்டா. பன்றி சுடணும்னா நான்தானே வரணும்?"

"சரி, கேளு. புதன்கிழமைங்கற பேச்சே எடுக்கக் கூடாது. நான் உன் கடைக்கு வந்ததே இல்ல."

"வந்ததே இல்லையா? என் கடையில மூலை பெஞ்சுல பள்ளமே விழுந்திருக்கு, பாரே."

"வந்ததே இல்ல! டாக்டர் இங்க இருக்காங்க. என் குடும்பம் இருக்கு. உன் பிள்ளைக்கு ஞானத்தந்தை வேணுமா வேண்டாமா?"

"வேணும்" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான் சதுர்னினோ. "வந்ததே இல்ல."

கால் பரிசோதனை வீட்டு வாசலில், மாமர நிழலில் நடந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். டாக்டர் கையில் ஒரு நைலான் இழை, தூண்டில் நரம்பு போல மெல்லியது. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அதை அழுத்துவார். பட்டால் 'படுது' என்று சொல்ல வேண்டும். அன்செல்மோவின் முறை வந்தது. இனிமேல் பொய் சொல்லி லாபம் ஒன்றுமில்லை. சீக்கிரம் முடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம் என்று கண்ணை மூடினார்.

"படுது. படுது. படுது."

அப்புறம் அமைதி.

"என்ன டாக்டர், நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

கண்ணைத் திறந்தார். இழை அவருடைய இடது கட்டைவிரல் அடியில் அழுத்தி வளைந்து நின்றது. டாக்டர் அடுத்த விரலில் வைத்தார். அன்செல்மோ இப்போது பார்த்துக்கொண்டே இருந்தார். பார்வைக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

"நான்... நான் சும்மா சொன்னேன் டாக்டர். அன்னைக்கு" என்றார்.

"கால் சும்மா சொல்லல" என்றார் டாக்டர். "பயப்படாதீங்க. ரெண்டு விரல்லதான். புண் எதுவும் இல்ல. இப்பவே சர்க்கரையை இறக்கினா இதோட நிறுத்தப் பார்க்கலாம். இனிமே வெறுங்கால்ல நடக்கக் கூடாது. தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க. நல்லவேளை, இன்னைக்குப் பார்த்தோம்."

அன்செல்மோவுக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. லியோனிலாவைப் பார்த்தார். அவள் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பிறகு வந்து, எல்லார் முன்னாலும் குனிந்து, அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டாள்.

அந்த நிமிடத்தில் அன்செல்மோ திருந்திவிட்டார். மனப்பூர்வமாகத்தான் திருந்தினார். ஆனால் பன்றி வெந்து கொல்லைப்புறக் காற்று வாசலுக்கு வந்தபோது, நாளையிலிருந்து திருந்தினால் போதாதா என்று ஒரு எண்ணம் வந்தது.

நீளமான பலகையில் வாழையிலை விரித்து, நடுவில் செக்கச் சிவந்த முழுப் பன்றி. முதல் தோலை வெட்டி விருந்தாளிக்குத் தருவது வீட்டுக்காரனின் வேலை. அன்செல்மோ வெட்டினார். கத்தி பட்டதும் 'மொறுக்' என்ற சத்தம் அவர் வயிறு வரைக்கும் கேட்டது. டாக்டருக்கு ஒரு துண்டு, ஜோனலினுக்கு ஒரு துண்டு, பங்குச் சாமியாருக்கு ஒரு துண்டு. கடைசியில் தனக்கென்று கை நீட்டியபோது லியோனிலா அவர் முன்னால் கிண்ணத்தை வைத்தாள். முருங்கைக்கீரை சூப். இரண்டு துண்டு மீன்.

"நீங்க இங்க டாக்டர் பக்கத்துல உட்காருங்க பா. அவங்ககிட்ட ஏதாவது சந்தேகம் இருந்தா கேட்கலாம்."

அவர் உட்கார்ந்தார். ஒரு பக்கம் டாக்டர் மொறுக் மொறுக்கென்று தின்றார். இன்னொரு பக்கம் சாமியார். எதிரே தன் சொந்தப் பன்றி வாயில் கொய்யாப்பழத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பிரமாதம்!" என்று டாக்டர் சதுர்னினோவைப் பார்த்துச் சொன்னார். "எங்க இருக்கு உங்க கடை?"

"படகுத்துறைக்குப் பின்னால டாக்டர்." சதுர்னினோவுக்குத் தலைகால் புரியவில்லை. பாராட்டு ஏறி, வாக்குறுதி ஞாபகம் வந்து, இரண்டும் ஒன்றாகக் கொட்டிவிட்டது. "ஊர்ல எல்லாரும் வருவாங்க. இவர் மட்டும் வந்ததே இல்ல. முதல் புதன்கிழமைல சத்தியமா வந்ததே இல்ல. மூலை பெஞ்சுல உட்கார்ந்ததே இல்ல. மூணாவது தட்டு கேட்டதே இல்ல!"

யாரும் அவனை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

டாக்டர் சல்வா தோல் துண்டை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி அன்செல்மோவைத் திரும்பிப் பார்த்தார். நெற்றி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. "வயசாகறது இப்படித்தானா?"

அன்செல்மோ கிண்ணத்துக்குள் பார்த்தார். அங்கே ஒளிய இடமில்லை. "மா" என்றார், "நான் எல்லாத்தையும் விளக்கமா சொல்லிடறேன். இன்னைக்குதான் சொல்லலாம்னு..."

"வேண்டாம் பா, தொண்டை வறண்டுடும்" என்று லியோனிலா அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள். கோபமே இல்லை. மீனில் முள் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"உனக்கு... உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேட்கல?"

"கேட்டிருந்தா நீங்க கடையை மாத்தியிருப்பீங்க. அந்தக் கடைன்னாதான் எனக்கு வசதி, அங்க மாரே இருக்கா." லியோனிலா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். "முதல் புதன்கிழமை நீங்க உட்கார்ந்ததும் சதுர்னினோ பெண்டாட்டி அடுப்படியிலேர்ந்து வீடியோ போடுவா. டாக்டர் இந்தப் புதன்கிழமைதான் திரையில பார்க்க ஆரம்பிச்சாங்க பா. நான் ரெண்டு வருஷமா ஒரு சொட்டு டீசல் எரிக்காம உங்களை இங்க உட்கார்ந்தே பார்த்துக்கிட்டு இருக்கேன்."